மேரி கட்டடம் திரும்ப வந்துடுச்சு, உள்ள உக்கார வேண்டியவங்க எங்க?

பாண்டி பீச் ரோட்ல சாயங்காலம் நடக்குற யாருக்கும் மேரி கட்டடத்தைத் தெரியாம இருக்காது. பிரெஞ்சுக்காரங்க காலத்து நகராட்சி ஆபீஸ், நூறு வருஷத்துக்கு மேல கடல் காத்துல நின்ன கட்டடம், 2014 நவம்பர் கடைசில பேஞ்ச மழைல அப்படியே பொலபொலன்னு சரிஞ்சு விழுந்துச்சு. அப்புறம் பழைய மாதிரியே திரும்பக் கட்டி 2021 ல திறந்தாங்க, அதுக்கு வந்தது உலக வங்கியோட கடலோரப் பேரிடர் திட்டத்துப் பணம். தூணு, படி, ஜன்னல்னு பாத்துப் பாத்து பண்ணியிருக்காங்க, அந்தப் பக்கம் போறப்பல்லாம் எனக்கு மனசு நெறையுது, அதை மறைக்க மாட்டேன்.

ஆனா மேரின்னா பிரெஞ்சுல என்ன அர்த்தம்? ஊர் ஜனங்களுக்கு மேயரா இருக்குறவர் உக்கார்ற இடம். நம்ம ஊர்ல நகராட்சித் தேர்தல் 1968 ல நடந்துச்சு, அடுத்தது 2006 ல தான், நடுவுல 38 வருஷம். 2006 ல வந்த கவுன்சில் 2011 ல முடிஞ்சுது, அதுக்கப்புறம் பத்து வருஷத்துக்கும் மேல தேர்தலே இல்ல, 2021 ல தேதி அறிவிச்சு அதுவும் தள்ளிப் போச்சு. இத்தனைக்கும் 1880 லேயே பிரெஞ்சு இந்தியாவுல நகராட்சி முறை வந்தாச்சு. ஆக எங்கயோ இருக்குற ஒரு பேங்க்கோட பணத்துல கட்டடம் வந்துடுச்சு, அதுக்குள்ள நம்ம தெருவுக்காகப் பேச நம்ம ஓட்டுப் போட்டு அனுப்புன ஒரு ஆளு வரல. வளர்ற நகரங்களுக்கு உலக நாடுகள் சேந்து உதவுறது பத்தி எவ்வளவோ பேசுறாங்க, நம்ம ஊருக்கும் கடலூருக்கும் கடந்த முப்பது வருஷத்துல அப்படி வந்ததெல்லாம் என்ன ஆச்சுன்னு வரிசையா யோசிச்சுப் பாத்தா எனக்கு திரும்பத் திரும்ப இந்தக் கட்டடம் தான் ஞாபகம் வருது.

முதல்ல இந்தப் பேச்சு எங்கேர்ந்து வருதுன்னு சொல்லிடறேன். ஐநா சபை 2015 ல 17 இலக்கு வெச்சாங்க, அதுல 11 ஆவது நகரங்களுக்கானது. எல்லாரையும் சேத்துக்குற, பாதுகாப்பான, அடி விழுந்தாலும் எந்திரிச்சு நிக்குற, நம்ம பேரப் பசங்க காலத்துக்கும் தாங்குற நகரம் வேணும்னு சொல்லுது. அடுத்த வருஷம் 2016 அக்டோபர்ல ஈக்வடார் நாட்டுல கீட்டோங்குற ஊர்ல எல்லா நாடும் கூடி அதுக்கு ஒரு விரிவான ஒப்பந்தமும் போட்டாங்க, அந்த மாதிரி மாநாடு இருபது வருஷத்துக்கு ஒரு தடவ தான் நடக்கும், 1976 ல வான்கூவர், 1996 ல இஸ்தான்புல், அப்புறம் இது. உலக ஜனத்தொகைல 2050 ல 68 சதவீதம் பேர் நகரத்துல இருப்பாங்கன்னு ஐநா கணக்கு சொல்லுது. 2011 சென்சஸ்படியே புதுச்சேரி யூனியன் பிரதேசத்துல 12.48 லட்சம் பேர்ல 68 சதவீதம் நகரவாசிங்க தான். உலகம் 2050 ல போய்ச் சேரப் போற இடத்துல நம்ம எப்பவோ வந்து நின்னாச்சு, அதனால இது நமக்கு தூரத்து விஷயமே இல்ல.

பணம் எப்படி வருதுன்னு நெறைய பேருக்குத் தெரியல, பிரான்ஸ் குடுத்துச்சு, ஜப்பான் குடுத்துச்சுன்னு நியூஸ்ல வர்றதப் பாத்து சும்மா குடுத்துட்டாங்கன்னு நெனைக்கிறோம். பெரும்பாலும் அது கடன். வட்டி கம்மி, திருப்பிக் கட்ட வருஷம் நெறைய, ஆனாலும் கடன் கடன் தான். மானியமா வர்றது தனி, அது அளவுல சின்னது. ஒரு நகராட்சியோ மாநிலமோ நேரா பாரீசுக்கு லெட்டர் போட்டு கடன் கேக்க முடியாது, டெல்லில நிதி அமைச்சகம் வழியா தான் போகணும். பிரெஞ்சு அரசாங்கத்தோட வளர்ச்சி வங்கி ஒண்ணு இருக்கு, ஏஎஃப்டின்னு சொல்லுவாங்க, 2016 ஜனவரில அவங்க சண்டிகர், நாக்பூர், புதுச்சேரி மூணு ஊருக்கும் ஸ்மார்ட் சிட்டிக்கு உதவுறதுக்கு ஒப்பந்தம் போட்டாங்க. 2017 ல புதுச்சேரி ஸ்மார்ட் சிட்டி லிஸ்ட்ல வந்துச்சு. 2018 ல அதே வங்கி 10 கோடி யூரோ கடனோட ஆரம்பிச்ச சிட்டீஸ் திட்டத்துல இந்தியாவுல 12 ஊரை எடுத்தாங்க, அதுலயும் நம்ம ஊர் இருக்கு, அதுவும் ஏழை ஜனங்க இருக்குற குடியிருப்புகளை முன்னேத்துறதுங்குற தலைப்புல. நல்ல தலைப்பு தான். ஆனா தலைப்புல ஏழைங்க இருக்குறதுக்கும் முடிவெடுக்குற மேஜைல அவங்க இருக்குறதுக்கும் எவ்வளவு தூரம்னு தான் நான் பாக்குறேன்.

வைசியாள் வீதி கதை தெரியுமா? பெரிய வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், நம்ம தமிழர் பகுதில இருக்குற தெரு. 2000 க்கு அப்புறம் ஐரோப்பிய யூனியனோட ஏசியா அர்ப்ஸ் திட்டத்துல நம்ம ஊர், இத்தாலில உர்பினோ, பிரான்ஸ்ல வில்நெவ் சூர் லோத், மூணு ஊரும் கூட்டு சேந்து, பழைய கட்டடங்களைக் காப்பாத்துற இன்டாக் அமைப்பு இங்க வேலையை எடுத்து நடத்துனாங்க. அந்தத் தெருவுல வீடுகளோட முகப்பை பழைய மாதிரியே எடுத்துக் கட்டினாங்க, வீட்டுக்காரங்களும் செலவுல ஒரு பங்கு போட்டாங்க, 2008 ல யுனெஸ்கோ விருதும் வந்துச்சு. விருதை விட எனக்குப் பெருசா தெரியுறது அந்த வீடுகளோட அமைப்பு. தெருவைப் பாத்து ஒரு தாழ்வாரம், அதுக்குள்ள திண்ணை, அப்புறம் தான் கதவு. தாழ்வாரம் வீட்டுக்காரருக்கு மட்டும் இல்ல, வெயில்ல நடந்து வர்றவனுக்கும் நிழல், மழைக்கு ஒதுங்குறவனுக்கும் கூரை. எல்லாரையும் சேத்துக்குற நகரம்னு ஐநா பக்கம் பக்கமா எழுதுறதை நம்ம ஊர்க் கொத்தனாருங்க செங்கல்லாலயும் நாட்டு ஓட்டாலயும் பண்ணி வெச்சிருந்தாங்க. அந்த வேலை நிலைச்சு நின்னதுக்குக் காரணம் வீட்டுக்காரங்க கை அதுல இருந்தது. அடுத்து என்ன ஆச்சுன்னும் சொல்லணும், தெரு அழகாச்சு, டூரிஸ்ட் வந்தாங்க, இப்போ டவுன்ல பழைய வீடு ஒண்ணு ஒண்ணா தங்கும் விடுதியாவும் கஃபேயாவும் மாறிட்டு வருது, திண்ணைல உக்காந்து பூ கட்டுன பாட்டிங்க லாஸ்பேட்டை பக்கம் பிளாட்டுக்குப் போயிடறாங்க. முகப்பைக் காப்பாத்துறதுக்குத் திட்டம் இருந்துச்சு, குடியிருக்குறவங்களை அங்கயே வெச்சுக்குறதுக்கு ஒண்ணும் இல்ல.

தண்ணி விஷயத்துல நல்ல உதாரணம் ஒண்ணு இருக்கு, அதிகம் பேர் பேச மாட்டேங்குறாங்க. புதுச்சேரி பகுதில 84 ஏரி. 1990கள் கடைசில ஆரம்பிச்ச ஏரி சீரமைப்புத் திட்டத்துல ஐரோப்பிய யூனியன் பணத்துல அத்தனையும் தூர் வாரி, கரை கட்டி, மதகு சரி பண்ணாங்க. வெறும் ஜேசிபி வேலையா விடல, ஏரிக்கு ஏரி சங்கம் வெச்சாங்க, நிலம் இல்லாதவங்களும் பொம்பளைங்களும் சங்கத்துல இருக்கணும்னு வெச்சாங்க. பிரெஞ்சுக்காரங்க காலத்துலயே ஏரிப் பாசன விவசாயிங்களுக்குச் சங்கம் இருந்துச்சு, ஆனா அது நிலம் வெச்சிருக்குறவங்களோட சங்கம். ஏரின்னா நிலக்காரனுக்கு மட்டும் இல்லைல, மீன் பிடிக்கிறவங்க, மாடு ஓட்டிட்டுப் போறவங்க, துணி துவைக்கிறவங்க எல்லாருக்கும் தானே.

இது விவசாயிங்க சமாச்சாரம், நகரத்துக்கு என்ன சம்பந்தம்னு கேக்கலாம். டவுன்ல குழாய்ல வர்ற தண்ணி முழுக்க நிலத்தடித் தண்ணி. ஏரில தேங்குறது தான் கீழ இறங்கி போர்ல வருது. கடலோரம் உறிஞ்சி உறிஞ்சி உப்பு ஏறிப் போச்சு, அதனால போர் உள்ள தள்ளித் தள்ளிப் போய்ட்டே இருக்கு. பாரதி பூங்கா நடுவுல இருக்குற ஆயி மண்டபமே இந்தக் கதை தான. ஆயின்னு ஒரு தாசி தன் வீட்டையே இடிச்சுட்டுக் குளம் வெட்டுனாங்கன்னு ஊர்ல சொல்லுவாங்க, மூன்றாம் நெப்போலியன் காலத்துல முத்திரப்பாளையத்துலேர்ந்து டவுனுக்குத் தண்ணி கொண்டு வந்தப்போ அந்தம்மா பேர்ல மண்டபம் எழுப்பினாங்க. டவுன்காரன் குடிக்கிற தண்ணி எப்பவும் வெளியில இருக்குற கிராமத்துலேர்ந்து தான் வந்திருக்கு. இப்போ பிரெஞ்சுக் கடனோட 24 மணி நேரமும் தண்ணி குடுக்குற திட்டம் பேசுறாங்கன்னா, அந்தத் தண்ணி எந்த ஊர்க் கிணத்துலேர்ந்து வருது, அந்த ஊர்க்காரங்களைக் கேட்டாங்களாங்குறது நியாயமான கேள்வி. 84 ஏரியோட சங்கங்களை உயிரோட வெச்சிருந்தா கேக்குறதுக்கு ஆள் தயாரா இருந்திருப்பாங்க, திட்டம் முடிஞ்சு வெளிநாட்டுப் பணம் நின்னதும் அந்த சங்கங்களைத் தூக்கி நிறுத்துறதுக்கு நம்ம பக்கத்துலேர்ந்து போதுமான அக்கறை வரல, எனக்கு இதுல ரொம்ப வருத்தம்.

கடலூர் பக்கம் வரேன். 2004 டிசம்பர் 26 சுனாமில பாண்டி டவுன் தப்பிச்சதுக்கு பீச் ரோட்டு சுவரும் கல்லும் ஒரு பெரிய காரணம், ஆனா அந்தப் பாதுகாப்பு இல்லாத பெரிய காலாப்பட்டு, பனித்திட்டு, கடலூர்ல தேவனாம்பட்டினம், சோனங்குப்பம் மாதிரி மீனவ கிராமங்கள்ல தான் சாவு விழுந்துச்சு. சுவர் எது வரைக்கும்னு முடிவு பண்ணுன காலத்துல குப்பத்து ஜனங்களை யாரும் கணக்குல வெக்கல. அப்புறம் 2005 ல உலக வங்கி 46.5 கோடி டாலர் கடன் குடுத்துச்சு, தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சேத்து. வீடு கட்டுறதுல ஒரு நல்ல காரியம் நடந்துச்சு, தமிழ்நாட்டுல சுனாமி வீட்டைப் புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் பேர்லயும் சேத்து எழுதணும்னு வெச்சாங்க. மீனவ கிராமத்துல சொத்து ஒரு பொம்பளை பேர்ல எழுதுறதுங்குறது எவ்வளவு பெரிய விஷயம்னு அங்க வாழ்ந்தவங்களுக்குத் தான் புரியும், இன்னைக்கு அவர் குடிச்சுட்டு வித்துட்டுப் போக முடியாது, அம்மா கையெழுத்து வேணும்.

2011 டிசம்பர் 30 தானே புயல் கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவுல ஏறுச்சு. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோட சாஞ்சுது, கரண்ட் போஸ்ட் வரிசை வரிசையா படுத்துடுச்சு, நாள்கணக்குல இருட்டு. கடலூர்ல எங்க சொந்தக்காரங்க வீட்ல மெழுகுவத்தி வாங்கக் கூட ரெண்டு மூணு கடை ஏறி இறங்கினாங்க. அந்த அனுபவத்துக்கு அப்புறம் 2013 ல உலக வங்கியோட அடுத்த திட்டத்துல கடலூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி மூணு ஊர்லயும் மின்சார லைனை பூமிக்கு அடில கொண்டு போற வேலையைச் சேத்தாங்க. மேரி கட்டடத்துக்கு வந்த பணமும் இதே திட்டம் தான். இந்த மாதிரி வேலைக்கு வெளிக் கடன் வாங்குறது சரின்னு நான் நினைக்கிறேன், ஒரு ஊரோட வரிப் பணத்துல இதைப் பண்ண முடியாது, பண்ணா ஐம்பது வருஷம் நிக்கும்.

ஆனா எனக்குப் பெருசாத் தெரியுற உதவி பணமே இல்லாம வந்தது, அது ஒரு பக்கெட். கடலூர் சிப்காட்டைச் சுத்தி குடிகாடு, ஈச்சங்காடு, காரைக்காடுன்னு ஊருங்க, உப்பனாத்தங்கரைல. ரசாயன ஃபேக்டரிங்க நாத்தம் ராத்திரில தான் அதிகம், கண்ணு எரியும், மூச்சு முட்டும், புகார் குடுத்தா அதிகாரி காலைல வருவார், அதுக்குள்ள காத்து மாறியிருக்கும், நிரூபின்னு சொல்லுவாங்க. அமெரிக்கால கலிஃபோர்னியாவுல எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை பக்கத்துல இருந்த ஜனங்களுக்கும் 1990கள்ல இதே கதி தான், அங்க ஒரு மலிவான வழி கண்டுபிடிச்சாங்க. மூடி போட்ட பிளாஸ்டிக் பக்கெட், உள்ள டெட்லர்னு ஒரு வகை பை, பைல இருந்து ஒரு குழா வெளிய வரும். பக்கெட்டுக்குள்ள இருக்குற காத்தை சின்ன பம்ப் வெச்சு உறிஞ்சுனா பை தானா உப்பி வெளிக் காத்தைக் குழா வழியா இழுத்துக்கும், குழாவை மூடி பையை லேபுக்கு அனுப்ப வேண்டியது தான். 2004 ல இந்த பக்கெட் வழியைப் பரப்புன அமெரிக்கக் குழுவோட ஆளு கடலூர் வந்து நம்ம ஊர்க்காரங்களுக்குச் சொல்லிக் குடுத்தார், சிப்காட் கிராமத்து ஜனங்களே கண்காணிப்புக் குழு வெச்சுக்கிட்டாங்க, என்ன நேரத்துல என்ன நாத்தம், அழுகுன முட்டையா, பழ வாசனையா, எந்தத் திசைக் காத்துன்னு நோட்டுல எழுதினாங்க. பை அமெரிக்க லேபுக்குப் போச்சு, ரசாயனங்க பேர் பேரா வெளிய வந்துச்சு, பலது அங்கத்து அளவைத் தாண்டி இருந்துச்சு. நம்ம நாட்டுல அப்போ இந்த வகை வாயுக்களுக்கு வெளிக் காத்துல இவ்வளவு தான் இருக்கலாம்னு அளவே கிடையாது, பென்சீனுக்கே 2009 ல தான் வந்துச்சு. அளவே இல்லாத இடத்துல தப்புன்னு எப்படிச் சொல்றது? பக்கெட் தான் அந்தக் கேள்வியை எழுப்புச்சு.

இப்படி ஜனங்க ஜனங்களுக்குச் சொல்லிக் குடுக்குறதுல உலகத்துலயே பெரிய பேர் நம்ம தமிழர் ஒருத்தர், ஜோக்கின் அற்புதம். கோலார் தங்க வயல்ல பொறந்து, மும்பைல குடிசைப் பகுதில வாழ்ந்து, குடிசைவாசிங்க சங்கம் கட்டுனவர், 2000 ல மகசேசே விருது வாங்கினார், 2018 ல காலமானார். அவங்க வழி ரொம்ப எளிமை. அரசாங்கம் வந்து கணக்கெடுக்குறதுக்கு முன்னாடி குடிசைல இருக்குறவங்களே வீடு வீடா எண்ணுவாங்க, குழா எத்தனை, கக்கூஸ் எத்தனைன்னு மேப் போடுவாங்க. கைல கணக்கு இருந்தா ஆபீசர் முன்னாடி கெஞ்ச வேண்டியதில்ல, பேசலாம். மும்பைக்காரங்க தென்னாப்பிரிக்கா போய் அங்க குடிசைல இருக்குறவங்களுக்கு இதைச் சொல்லிக் குடுத்து, அவங்க இங்க வந்து பாத்து, 1996 ல அது ஒரு உலக அமைப்பாவே ஆச்சு. ஏழை ஊர்தான் கத்துக்கணும், பணக்கார ஊர்தான் சொல்லிக் குடுக்கணும்னு எங்கயும் எழுதி வெக்கல.

கடன் திட்டத்துல ஜனங்களுக்கு ஒரு வழியும் இல்லையான்னா, இருக்கு, நமக்குச் சொல்றதில்ல. நர்மதா அணை விஷயத்துல நம்ம நாட்டு ஜனங்க போட்ட சண்டைக்கு அப்புறம் தான் உலக வங்கி 1993 ல ஆய்வுக் குழுன்னு ஒண்ணு வெச்சுது. அவங்க பணத்துல நடக்குற வேலையால பாதிக்கப்பட்டவங்க ரெண்டு பேர் சேந்து எழுதுனாலே போதும், அதை எடுத்துப் பாக்கணும். வீட்டை, கடையைக் காலி பண்ணச் சொன்னா முன்னாடியே மறுவாழ்வுத் திட்டம் எழுதியிருக்கணும்னு விதி இருக்கு. இதெல்லாம் தமிழ்ல ஒரு நோட்டீஸா வார்டு வார்டா ஒட்டியிருந்தா பாதி சண்டை வராது. ஒப்பிட்டுப் பாக்க நம்ம குபேர் மார்க்கெட் இருக்கு, உள்ளூர் ஸ்மார்ட் சிட்டி வேலை தான், இடிச்சுக் கட்டுறோம்னு சொன்னதும் வியாபாரிங்க அவ்வளவு எதிர்த்தாங்களே, புதுக் கட்டடம் வேணாம்னு யாரும் சொல்லல, கட்டுற வரைக்கும் எங்க உக்கார்றது, கட்டி முடிச்சா என் எடம் எனக்கே கிடைக்குமாங்குற பயம் தான். கூடைல மீன் விக்குற அம்மாவுக்கு பட்டா கிடையாது, பல வருஷமா உக்காந்த எடம் தான் ஆதாரம். இந்த மாதிரி நேரத்துல போய்க் கேக்குறதுக்குத் தான் ஒரு கவுன்சிலர் வேணும்.

இன்னொரு ஒத்துழைப்பு பத்தி சொல்லாம முடிக்க முடியாது, அது பக்கத்து ஊரோட. பாண்டி துறைமுகத்துக்கு 1980கள் கடைசில கடலுக்குள்ள கல்லு நீட்டுனாங்க. சோழகக் காத்துல மணல் தெக்கேர்ந்து வடக்க போகும், வாடைல திரும்பும், கூட்டிக் கழிச்சா வடக்க போறது தான் அதிகம். கல்லு குறுக்க நின்னதும் தெக்குப் பக்கம் மணல் சேந்துச்சு, வடக்கு பட்டினியாச்சு. பாண்டி பீச் போச்சு, வைத்திக்குப்பம், குருசுக்குப்பத்துக்குக் கருங்கல் கொட்டினாங்க, கல்லு போட்ட இடம் நின்னுது, அதுக்கு வடக்க இருக்குற தமிழ்நாட்டுப் பக்கம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம், அங்க கடல் வீட்டுக்குள்ள வந்துச்சு, அவங்க தூண்டில் வளைவு (அலையைத் தடுக்கக் கடலுக்குள்ள நீட்டுற கல் வரிசை) கேட்டு ரோட்ல உக்காந்தாங்க. சென்னைல இருக்குற தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2018 ல தலைமைச் செயலகத்துக்கு எதுக்க தண்ணிக்கு அடில இரும்புத் திட்டு ஒண்ணு இறக்கி நம்ம பீச்சை ஓரளவு மீட்டுக் குடுத்தாங்க, அது சந்தோஷம். ஆனா மணலுக்கு எது யூனியன் பிரதேசம், எது விழுப்புரம் மாவட்டம்னு தெரியாது. பாரீசோட ஒப்பந்தம் போட நமக்கு முடியுது, எல்லையைத் தாண்டுனதும் இருக்குற கோட்டக்குப்பத்தோட சேந்து ஒரு கடற்கரைத் திட்டம் போட இன்னும் முடியல.

ஆறும் அப்படித் தான். கடலூர்லேர்ந்து பாண்டிக்கு பஸ் ஏறுங்க, தென்பெண்ணைப் பாலம் தாண்டி ரெட்டிச்சாவடி, முள்ளோடை, கிருமாம்பாக்கம்னு வர்றதுக்குள்ள தமிழ்நாடா புதுச்சேரியான்னு தெரியாது, பதினெட்டாம் நூத்தாண்டுல நடந்த பேரம், சண்டைல துண்டு துண்டா வந்த எல்லை. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல்ல புதுச்சேரில ஒரே நாள்ல 46 சென்டிமீட்டருக்கு மேல மழை. ரெண்டு நாள் கழிச்சு சாத்தனூர் அணைலேர்ந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல தண்ணி திறந்தாங்க, நந்தி மலைல பொறந்து கர்நாடகா, தமிழ்நாடுன்னு வர்ற அந்தத் தென்பெண்ணை ஆறு கடைசில கடலூருக்கும் பாகூர் பக்கத்துக் கிராமங்களுக்கும் ஒரே நேரத்துல உள்ள வந்துச்சு. 2015 வெள்ளத்துல கடலூர் பட்டதை எல்லாரும் பாத்திருந்தோம், ஒன்பது வருஷம் கழிச்சும் ஆத்துக்கு ரெண்டு பக்கத்து ஊர்களும் சேந்து உக்காந்து பேசுற ஒரு குழு கூட இல்ல. கடலூர் 2021 ல மாநகராட்சி ஆச்சு, அங்க மேயர் இருக்காங்க, கவுன்சிலருங்க இருக்காங்க, பேச அனுப்ப ஆள் இருக்கு. நம்ம பக்கத்துலேர்ந்து யாரை அனுப்புறது?

அடுத்து எந்த நாட்டுப் பணம் வந்தாலும் நான் கேக்கப் போறது ஒண்ணு தான், முதல்ல நகராட்சித் தேர்தலை நடத்துங்க, அப்புறம் அதுல வர்றவங்களையும் கடலூர், கோட்டக்குப்பம் ஆளுங்களையும், ஏரிச் சங்கத்துக்காரங்களையும், குப்பத்து அம்மாக்களையும் கூப்புட்டு ஆறு, மணல், தண்ணி மூணையும் பத்திப் பேச வைங்க. முதல் கூட்டத்தை மேரி கட்டடத்துலயே வெக்கலாம், கடலூர் பழைய டவுன்லேர்ந்து வர்றவங்களும் கிருமாம்பாக்கத்துல ஏர்றவங்களும் ஒரே பஸ்ல வந்துடலாம்.